28 கிராம் ரெசின்: ஒரு சக்கர உறையைச் சரிசெய்த பதிவு

கடந்த சனிக்கிழமை காலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறை மேசையில் ஒரு சிறு விமானத்தின் வலது சக்கர உறையைக் கவிழ்த்து வைத்து, 50 சென் நாணயத்தின் விளிம்பால் அதன் மேல் தட்டிக்கொண்டே போனேன். பழைய பகுதியிலும் புதிதாக ஒட்டுப் போட்ட பகுதியிலும் ஒரே மாதிரியான கூர்மையான ஓசைதான் வந்தது. ஒட்டின் ஓரத்தைத் தாண்டும்போது ஓசை மங்குகிறதா (மங்கினால் உள்ளே ஒட்டவில்லை என்று பொருள்) என்று காதை அருகில் வைத்து மூன்று சுற்று தட்டிப் பார்த்தேன், எங்கும் மங்கவில்லை. இது மூன்றாவது முயற்சி. முந்தைய இரண்டு முயற்சிகளும் கெட்டது துணியாலும் அல்ல, தேய்ப்பாலும் அல்ல. கண்ணாடி இழைத் துணியை நனைத்து ஒட்டி இறுகும் பிசினான ரெசினை எடைபோட்ட விதத்தாலும் அதைக் கலந்து பூசிய நேரத்தாலும்தான். ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த ஒரு குவளையைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் சுபாங் பகுதியில் விமானப் பாகங்களைப் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவன். கூடத்தில் ரெசின் கலப்பது எனக்கு அன்றாட வேலை. 100-க்கு 30, 100-க்கு 41, 100-க்கு 17 என்று ஒவ்வொரு ரெசினுக்கும் அதை இறுகவைக்கும் ஹார்டனருக்கும் உரிய எடை விகிதம் விரல் நுனியில் இருந்தது. ஆனால் அங்கே தராசை அளவுத்திருத்தம் செய்து முத்திரை ஒட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நாள் முழுவதும் பதிந்துகொண்டே இருக்கும் கருவி சுவரில் இருந்தது. காலாவதியான டின்னை எடுத்து ஒதுக்கிவைக்க வேறோர் ஆள் இருந்தார். நான் கலக்க மட்டுமே செய்தேன். மற்ற எல்லாவற்றையும் பிறர் பார்த்துக்கொண்டார்கள் என்பது, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் துத்தநாகக் கூரை போட்ட கொட்டகையில் நின்று கலக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

சக்கர உறை பறக்கும்போது காற்றின் இழுவையைக் குறைப்பதற்காகச் சக்கரத்தின் மேல் மாட்டும் மூடிதானே தவிர, விமானத்தின் சுமையைத் தாங்கும் பாகம் அல்ல. அதனால்தான் இதை வீட்டில் தொட ஒப்புக்கொண்டேன். இதையும்கூட, திருப்பி மாட்டுவதற்கு முன் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வாங்கிக்கொண்டேன். இறக்கையோ, வால் பகுதியோ, கட்டுப்பாட்டுத் தகடோ வந்திருந்தால், உற்பத்தியாளரின் பழுதுக் கையேடும் உரிமமுள்ள கூடமும் இல்லாமல் ஓர் உப்புத்தாளைக்கூட அதன்மேல் வைத்திருக்க மாட்டேன்.

விமானத்தின் பங்குதாரர்களில் ஒருவர் என் பழைய நண்பர். புல்தரையில் இறங்கும்போது உறைக்குள் சேறு நிரம்பி, காய்ந்து, அதிர்ந்து, திருகாணித் துளை ஒன்றிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறது. அதை அவர் முதலில் கார் வண்ணம் பூசும் பட்டறை ஒன்றில் கொடுத்து அடைத்திருக்கிறார். அங்கே பள்ளம் நிரப்பும் பாலியெஸ்டர் பசையான மக்கை அள்ளி அப்பிவிட்டார்கள். மூன்று மாதத்தில் அது ஓடு ஓடாகக் கழன்று, கூடவே கொஞ்சம் கண்ணாடி இழையையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. என் கைக்கு வந்தபோது 70 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர் அளவில் ஓட்டையும் அதைச் சுற்றி உரிந்த ஓரமும் இருந்தன. சுரண்டி எடுத்த மக்கைத் தனியாக நிறுத்துப் பார்த்தேன்: 140 கிராம். ஓர் உள்ளங்கை அளவு இடத்துக்கு அத்தனை கனம்.

தேய்ப்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறையின் சுவர் மூன்று அடுக்குத் துணியால் ஆனது. ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி, அடுக்குக்கு 12 மில்லிமீட்டர் என்ற கணக்கில் படிப்படியாகச் சரித்துத் தேய்த்தேன். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180-இல் முடித்தேன். இழையின் திசை மாறும் இடத்தில் பளபளப்பு மாறும். அந்தக் கோடு தெரிந்தால் ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது வந்துவிட்டது என்று பொருள். இதற்கு அரை நாள் பிடித்தது. பிறகு அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்து, அது ஆவியாவதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுத்தேன். ஒரே துணியால் துடைத்துவிட்டு அப்படியே உலரவிட்டால், கரைந்த அழுக்கு மறுபடியும் அதே இடத்திலேயே படிந்துவிடும்.

ரெசின் எம்ஜிஎஸ் எல் 285. ஜெர்மானிய கிளைடர்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் எபோக்சி வகை ரெசின். ஹார்டனர் 286. எடையில் 100-க்கு 40. கூடவோ குறையவோ 2 மட்டுமே அனுமதி. கன அளவில் கலந்தால் 100-க்கு 50. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டவர்களைக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். ஹார்டனர் ரெசினைவிட இலேசானது என்பதால்தான் இரண்டு விகிதங்களும் வேறுபடுகின்றன. தராசில் வைத்துக்கொண்டு 50 என்று ஊற்றினால் அந்தக் கலவை அப்போதே கெட்டது.

நண்பர் கொண்டுவந்த டின்னில் முதல் சிக்கல் காத்திருந்தது. 'கெட்டுப்போகக் கூடாதே' என்று அதை அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் வைத்திருந்திருக்கிறார். மூடியைத் திறந்தால், குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் போல வெண்மையாகக் கலங்கி, அடியில் மணல் மணலாக நின்றது. ரெசின் படிகமாகிவிட்டது. இந்த நிலையில் மேலே இருப்பதை மட்டும் ஊற்றி நிறுத்தால், தராசு சரியான எடையைக் காட்டும். ஆனால் குவளையில் விழுந்தது சரியான ரெசினாக இருக்காது. மூடியை இறுக்கி, டின்னைப் பெரிய அண்டாவில் 55 பாகை வெந்நீரில் நிறுத்தி, நீர் ஆற ஆறச் சூடு மாற்றி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவ்வப்போது கிளறினேன். அடியில் குச்சியை விட்டு எடுத்துப் பார்க்கும்போது ஒரு மணல்கூட ஒட்டாமல் கண்ணாடி போல வழியும்வரை விடவில்லை. அதன் பிறகு அறைச் சூட்டுக்கு ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போதே கலந்தால், இறுகத் தொடங்குமுன் கையில் இருக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்குத் துணியை நிறுப்பதே என் வழக்கம். சதுர மீட்டருக்கு 280 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியில், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் பெரிதாக நான்கு ஒட்டுகள் வெட்டினேன். நான்கும் சேர்ந்து 16 கிராம். கையால் நனைத்துப் பூசும் வேலையில் துணியின் எடைக்குச் சமமான கலவை போதும். பரப்பில் முதலில் தடவும் பூச்சு, தூரிகையில் தங்குவது, குவளையில் ஒட்டுவது எல்லாம் சேர்த்து 28 கிராம் என்று வைத்தேன். 20 கிராம் ரெசின், 8 கிராம் ஹார்டனர். கணக்கு அழகாக முடிந்ததில் கொஞ்சம் ஏமாந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் முயற்சிக்கு எடுத்தது, என் மனைவி கேக் மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு. ஒரு கிராம் படிகளில் காட்டும். குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, 20 வரும்வரை ரெசினை ஊற்றினேன். மறுபடி பூஜ்யமாக்கி, ஹார்டனரைச் சிறிய பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். எண் நெடுநேரம் 0-விலேயே நின்றது. பிறகு 1, 2 என்று மெல்ல ஏறி 8-க்கு வந்தது. நிதானமாகச் செய்கிறேன் என்ற திருப்தியோடு, நிறுத்தினேன், கலக்கினேன், நான்கு அடுக்கையும் பூசி மூடினேன்.

மறுநாள் காலை கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, மெதுவாக எழும்பியது. தீபாவளிக்கு வாங்கி மீந்துபோன தோடோல் இனிப்பை அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. இன்னொரு நாள் பொறுத்தேன். வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாளும் தோடோல் தோடோலாகவே இருந்தது.

விமானப் பராமரிப்புப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, மேல கொஞ்சம் ஹார்டனர் தடவிட்டா இறுகிடாதா?" என்று கேட்டான். இந்த எண்ணம் பாலியெஸ்டர் ரெசினிலிருந்து வருகிறது. படகுப் பட்டறைகளில் அதற்கு நூற்றில் ஒன்று, இரண்டு பங்கு வினையூக்கி விடுவார்கள். கொஞ்சம் கூட்டினால் வேகமாக இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எபோக்சியில் ஹார்டனர் வினையைத் தூண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பொருள் அல்ல. ரெசினோடு சேர்ந்து அதுவும் இறுகிய பொருளின் ஒரு பங்காகவே ஆகிறது. கூடினால் கூடியது துணையில்லாமல் உள்ளேயே கிடந்து இளக வைக்கும். குறைந்தால் ரெசின் மீந்து கிடக்கும். மேலே தடவுவதால் உள்ளே இருப்பது திருந்தாது. முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

சுரண்டுவதற்கு ஒரு முழுப் பிற்பகல் போனது. பாதி இறுகிய ரெசின் உப்புத்தாளை நிமிடத்தில் அடைத்துவிடுகிறது. கத்தியால் உரித்து, அசிட்டோனால் துடைத்து, மறுபடி படிகளைச் சரித்துத் தேய்க்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கத்தி பாய்ந்து நல்ல அடுக்கையும் கீறிவிட்டது. அதனால் மேல் ஒட்டை 10 மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டி வந்தது.

தராசின் குற்றத்தை அன்று இரவே கண்டுபிடித்தோம். வெறும் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, மருந்துச் சொட்டுக்குழாயால் தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டோம். 20 சொட்டு ஏறத்தாழ 1 கிராம். 40 சொட்டு விட்ட பிறகும் திரையில் 0. அதே குவளையை நகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோய், குவளை எடையைக் கழித்து நிறுத்தால் 2 கிராமுக்குச் சற்று மேலே இருந்தது. மலிவான மின்தராசுகள் பூஜ்யத்துக்கு அருகில் மிக மெதுவாக ஏறும் எடையைத் தம் சொந்தத் தடுமாற்றம் என்று எண்ணி, தாமாகவே பூஜ்யத்தை நகர்த்திக்கொள்ளும். நான் பொறுமையாகச் சொட்டவிட்டதுதான் வினையாகிவிட்டது. 8 கிராம் என்று நான் நினைத்தது 10-க்கும் மேல் இருந்திருக்க வேண்டும். 100-க்கு 40 என்பது 100-க்கு 50-ஐத் தாண்டியிருக்கிறது. அந்தக் கோளாறு இல்லாவிட்டாலும்கூட, ஒரு கிராம் படியில் காட்டும் தராசில் 8 என்பது 7.5-ஆகவும் இருக்கலாம், 8.5-ஆகவும் இருக்கலாம். ரெசின் பக்கத்திலும் அதே அளவு பிசகு சேர்ந்தால் விகிதம் 36-க்கும் 44-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அனுமதியோ 38 முதல் 42 வரை. 280 கிராம் கலக்கும்போது அந்தத் தராசு போதும். 28 கிராமுக்கு அது தராசே அல்ல.

என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்கும் இடத்தில் வேலை செய்தவர். அமிலம் ஊற்றும் அளவுக் குவளையை ஆணியில் மாட்டி வைத்திருப்பார். அதை விட்டுக் கண்மதிப்புக்குப் போனதே இல்லை. அவர் மகன் கேக் தராசோடு நின்றதை நினைத்து அன்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

0.01 கிராம் படியில் காட்டும் 200 கிராம் கொள்ளளவுள்ள சிறிய தராசு 38 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. சோதனை எடைக்கல் ஒன்றும் அதனுடன் வந்தது. இப்போது கலப்பதற்கு முன்னும் பின்னும் அந்தக் கல்லை வைத்துப் பார்க்கிறேன். குவளையை ரெசினோடு வைத்த பிறகு பூஜ்யமாக்குவதையும் விட்டுவிட்டேன். ரெசின் 20.00 என்றால், ஹார்டனரை மொத்தம் 28.00 வரும்வரை ஊற்றுகிறேன். பூஜ்யத்திலிருந்து விலகி நிற்பதால் தராசு சொட்டுகளை விழுங்குவதில்லை. விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்று பட்டாலே கடைசி இரண்டு இலக்கமும் ஆடுகின்றன.

இரண்டாவது முயற்சியில் எடை மிகச் சரி. 20.03-க்கு 8.01. கெடுத்தது மாலை நேரம். பிற்பகல் மழை நின்றதும், வெக்கை தணிந்துவிட்டது என்று நான்கரை மணிக்குத் தொடங்கினேன். முதல் இரண்டு அடுக்கைப் பூசி முடிப்பதற்குள் உறவினர்கள் வந்துவிட்டார்கள். மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனேன். இறுகிய பின் உரித்தெடுப்பதற்காக மேலே போர்த்தும் உரிதுணியும் போடவில்லை. அன்று கொட்டகைக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவியும் இல்லை. பிறகு வாங்கி அதே நேரத்தில் மாட்டிப் பார்த்தபோது மழைக்குப் பின் 88 விழுக்காடு காட்டியது.

காலையில் பரப்பு நன்றாக இறுகியிருந்தது. ஆனால் விரலால் தேய்த்தால் மெழுகுவர்த்தியைத் தொட்டதுபோல ஒரு வழுவழுப்பு. சாய்த்துப் பார்த்தால் மங்கலான வெண்படலம். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் விடும் படலம் அது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும், அசிட்டோனால் நன்றாகத் துடைத்து, லேசாகத் தேய்த்து, மேலே மற்ற இரண்டு அடுக்கையும் பூசிவிட்டேன். அந்தப் படலம் தண்ணீரில் கரையும்; அசிட்டோன் அதைக் கரைத்தெடுப்பதை விடப் பரப்பி இழுப்பதுதான் அதிகம். தேய்த்தபோது உப்புத்தாள் அதை இன்னும் உள்ளே அழுத்தியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து நாணயத்தால் தட்டியபோது ஒட்டின் நடுவில் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல ஓசை. ஓரத்தில் மெல்லிய கத்தியை நுழைத்துத் தூக்கினேன். இரண்டு அடுக்கும் ஒட்டுவில்லை போல ஒரே இழுப்பில் உரிந்து கையில் வந்தன. உரிந்த முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. ஓர் இழைகூடக் கிழியவில்லை. ஒட்டியிருந்தால் கிழிந்திருக்கும்.

கீழே இருந்த இரண்டு அடுக்கும் நன்றாகவே பிடித்திருந்தன. அவற்றைச் சோப்பில்லாத வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, உலர்த்தி, பிறகு தேய்த்துக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் நண்பரின் விமானத்தில் என் சந்தேகத்தை மாட்டி அனுப்ப மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தெடுத்தேன்.

இடையில் இன்னொரு விபத்தும் நடந்தது. மருமகன் பழகிக்கொள்வதற்காகப் பழைய ஒட்டுப்பலகையில் பூச ரெசின் கேட்டான். நான் வீட்டுக்குள் இருந்த நேரத்தில், ஒரே தடவையாக இருக்கட்டும் என்று 140 கிராமை ஒரே பிளாஸ்டிக் குவளையில் கலந்துவிட்டான். கொட்டகையில் 33 பாகை. அவன் துணி வெட்டி முடித்துத் திரும்பியபோது குவளையின் நடுவில் ரெசின் தேன் நிறமாகி, குமிழி விட்டு, புகையத் தொடங்கியிருந்தது. அடிப்பாகம் இளகி மேசையில் ஒட்டிக்கொண்டது. இறுகும்போது எழும் சூடு ஆழமான குவளையில் வெளியேற வழியில்லாமல், தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்கிறது. இரும்புக் கரண்டியால் தூக்கி வெளியே மணலில் வைத்தோம். அதன் பிறகு 100 கிராமுக்கு மேல் எதையும் குவளையில் விடுவதில்லை. கலந்த உடனேயே அகலமான அலுமினியத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறோம்.

மூன்றாவது முயற்சிக்கு இடத்தையே மாற்றினேன். முன்பு என் மகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பக்கத்து அறையில் பழைய குளிர்சாதனம் ஒன்று இருந்தது. இப்போது யாரும் அந்த அறையைப் பயன்படுத்துவதில்லை. காலை ஏழு மணிக்கே அதை ஓடவிட்டு, உறையையும் துணியையும் ரெசினையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். 15 ரிங்கிட் ஈரப்பதமானி பத்து மணிக்கு 26 பாகை, 57 விழுக்காடு காட்டியது. அடைத்த அறை என்பதால் ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். எபோக்சி ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறங்காது. எங்கள் கூடத்தில் நல்ல கைத்திறமையுள்ள ஒருவர் அதனாலேயே வேறு பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். அசிட்டோனால் கையைத் துடைப்பது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோய் விடுவதற்குச் சமம்.

குவளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் காகிதக் குவளைகளில் சில மெழுகு பூசியவை. கலக்கும்போது குச்சி மெழுகைச் சுரண்டி ரெசினில் சேர்த்துவிடும், அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. நான் பூச்சில்லாத தெளிவான பிளாஸ்டிக் குவளைகளையே வாங்கினேன். பக்கவாட்டில் பார்க்கலாம் என்பது இன்னொரு வசதி. ஐஸ்கிரீம் குச்சியின் உருண்டை முனையை நேராக வெட்டிவிட வேண்டும். உருண்டை முனை குவளையின் அடி மூலையை எட்டாது.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஹார்டனர் விழுந்தது. 20.01, மொத்தம் 28.02. குவளைக்குள் இரண்டும் சேரும்போது சர்க்கரைப் பாகில் தண்ணீர் விட்டதுபோல நெளிநெளியான கோடுகள் தெரியும். அவை முழுக்க மறைய வேண்டும். அவசரமாக அடித்தால் காற்று ஏறும். தே தாரிக் தேநீரை ஆற்றுவதுபோல உயர்த்தி ஊற்றினாலும் அதே கதிதான். குச்சியைப் படுத்தவாக்கில் மெதுவாகத் திருப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை பக்கச் சுவரையும் அடியையும் வழித்து, இரண்டு நிமிடம் கலக்கினேன். பிறகு எல்லாவற்றையும் புதிய குவளைக்கு மாற்றி, புதிய குச்சியால் இன்னும் இரண்டு நிமிடம். முதல் குவளையின் சுவரில் ஒட்டியிருப்பது சரியாகக் கலக்காத ரெசின். அதைச் சுரண்டி இரண்டாவதில் போடுவது நல்லதல்ல. அது குவளையிலேயே இருக்கட்டும், அதற்கும் சேர்த்துத்தான் 28 கிராம்.

கலந்ததிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி, ஒட்டுநாடாவில் தேதி, நேரம், விகிதம், வெப்பம், ஈரப்பதம் எழுதி ஒட்டி ஓரமாக வைத்தேன். கூடத்தில் ஒவ்வொரு கலவைக்கும் இப்படி ஒரு மாதிரி எடுத்து வைப்பது விதி. முதல் முயற்சியில் அதைச் செய்திருந்தால், உறையில் நகத்தைப் பதிப்பதற்குப் பதிலாக மூடியில் பதித்துப் பார்த்திருக்கலாம்.

துணியை நேரடியாக உறையின் மேல் வைத்துத் தூரிகையால் குத்தவில்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் துணி, கலவை, இன்னொரு பிளாஸ்டிக் தாள். மேலிருந்து ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளினால், கலவை இழைக்குள் இறங்கி, வெண்மை மறைந்து, மிச்சம் ஓரத்தில் வழிகிறது. மேல் தாளில் முன்பே வரைந்து வைத்த வடிவங்களை, இழைத் திசை அம்புக்குறியோடு, தாளோடு சேர்த்தே கத்தரித்தேன். பிறகு உறையில் மெல்லியதாக ஒரு பூச்சு. சிறிய ஒட்டு முதலில், ஒவ்வொன்றாகப் பெரியது. அடித்தாளை உரித்து வைத்து, அழுத்தி, மேல் தாளை உரிப்பது. உறையின் வளைவில் மூன்றாவது ஒட்டின் ஓரம் இரண்டு முறை தூக்கிக்கொண்டது. ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று விட்டதும் படிந்தது. 10.48-க்கு நான்கும் முடிந்தன. இந்த முறை உரிதுணி போட்டேன்.

அதன் மேல் துளையிட்ட விலக்குத் தாள், உறிஞ்சும் பஞ்சு, காற்றை வெளியே இழுத்து ஒட்டை அழுத்திப் பிடிக்கும் வெற்றிடப் பை. பழைய குளிர்பெட்டியின் கம்ப்ரசர்தான் எனக்கு வெற்றிடப் பம்பு. பாதரச அளவில் 22 அங்குலம் வந்ததும் வால்வை மூடி ஐந்து நிமிடம் பார்த்தேன். ஓர் அங்குலம்தான் இறங்கியது. ஓரப் பசைநாடாவில் மடிப்பு விழுந்த இடத்தை இன்னொரு முறை அழுத்தினேன்.

மறுநாள் காலை பையைக் கழற்றி, உரிதுணியை இழுத்தேன். கரகரவென்ற சத்தத்தோடு சீராக உரிந்தது. அடியில் படலமே இல்லாத மங்கலான, சொரசொரப்பான பரப்பு. மூடியில் இருந்த மாதிரியில் நகம் பதியவில்லை.

இந்த ரெசின் அறைச் சூட்டில் இறுகினாலும், முழு வலுவுக்கு 50 முதல் 55 பாகையில் குறைந்தது 15 மணி நேரம் வைக்க வேண்டும். வெள்ளை விமானமும் வெயிலில் நின்றால் நன்றாகவே சுடும். சூட்டில் வைக்காத எபோக்சி அப்போது இளகும். மீன் சந்தையில் வாங்கிய இரண்டு தெர்மோகோல் பெட்டிகளை ஒட்டி, உள்ளே அலுமினியத் தாள் போட்டு, இரண்டு 60 வாட் குண்டு பல்புகளும் முட்டை பொரிக்கும் பெட்டிக்கு விற்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தினேன். பல்புக்கும் சுவருக்கும் இடையில் தகடு இல்லாமல் இதைச் செய்யக் கூடாது; நானும் மருமகனும் முறை வைத்து விழித்திருந்து 16 மணி நேரம் ஓட்டினோம். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 54 பாகை வந்ததை ஒரு நாள் அளந்தேன். ஆனால் ஒரு மேகம் வந்தால் பத்து நிமிடத்தில் 46. அதை நம்ப முடியாது.

கடைசியாக மேடுபள்ளத்தை நிரப்ப மைக்ரோ பலூன் (உள்ளீடற்ற நுண்மணிகளாலான இலேசான பொடி) கலவை. இதிலும் ஒழுங்கு ஒன்றுதான்: ரெசினையும் ஹார்டனரையும் நிறுத்து, முழுதாகக் கலந்த பிறகுதான் பொடியைச் சேர்க்க வேண்டும். பொடியைச் சேர்த்த பிறகு கோடுகள் மறைந்தனவா என்று பார்க்க வழியில்லை. குச்சியில் எடுத்தால் கெட்டித் தயிர்போல நிற்கும் பதம் போதும். ஒட்டும் நிரப்பும் முதல் பூச்சும் சேர்ந்து உறைக்கு 40 கிராம் கூடியிருக்கிறது. எடுத்துப் போட்ட பழைய மக்கு 140.

செலவு, இருந்த ரெசினைத் தவிர்த்து, ஏறத்தாழ 300 ரிங்கிட். முகமூடியின் வடிகட்டி 65, வெற்றிடப் பைச் சாமான்கள் 90, பல்புப் பெட்டி 40, தராசு 38. மற்றவை உப்புத்தாள், அசிட்டோன், கையுறை, ஈரப்பதமானி. முதலிலேயே தராசும் ஈரப்பதமானியும் வாங்கியிருந்தால், அந்த 53 ரிங்கிட் எனக்கு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். அடுத்த முறை ஒட்டுகளை வெட்டுவதற்கு முன்பே அறையைக் குளிரவிட்டு, துணியையும் முந்தைய நாளே அங்கே வைப்பேன். துணி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதை இந்த முறை பாதியில்தான் நினைத்துக்கொண்டேன். ஹார்டனர் பாட்டிலைத் திறந்த கையோடு மூடிவிடுவதற்கு மருமகனைத்தான் பொறுப்பாக்கப் போகிறேன், நான் மறந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உறையை விமானத் திடலுக்குக் கொண்டுபோனோம். பொறியாளர் தன் பையிலிருந்து நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தார். உட்புறத்தில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு கலவைக் குறிப்பைக் கேட்டார். குறிப்பையும் இரண்டு மூடிகளையும் நீட்டினேன்: ஒன்று மூன்றாவது முயற்சியின் மாதிரி, மற்றது முதல் முயற்சியின் குவளை அடியில் மீந்ததை நான் பிறகு வழித்தெடுத்து வைத்தது. இரண்டாவதில் இன்றைக்கும் நகம் பதிகிறது. அவர் அதைப் பதித்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் கையெழுத்திட்டார். மாட்டும்போதுதான் இடது உறையைக் கவனித்தேன். அதே திருகாணித் துளையில், அதே திசையில், முடி போன்ற ஒரு கோடு ஓடத் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு அதன் முனையில் சிறு துளையிட்டு நிறுத்தியிருக்கிறோம். திருகாணிக்கு அடியில் அகலமான வளையம் போட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை அது மேசைக்கு வரும்.